ஐந்தெழுத்தும் வரிசைமாற்றமும்

திருவைந்தெழுத்தினை ஓதும் முறைபற்றி ஐயம் எழுதலும், ஆன்றோர் அதனை அகற்றுதலும் சைவ உலகில் நெடுங்காலமாக நிகழ்ந்து வருவன. நீலகிரியின் தென்மேற்கே குந்தாப் பகுதியில், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே வாழும் அன்பர் சிலர் கூடித் திருமுறை ஓதிவருமிடத்து அண்மையில் எழுந்த ஐயம் ஒன்று, முன்னையோர் நூல்களைக் கொண்டு தெளியற்பாலதாக உள்ளது.

திருமுறை நூல்கள் வைத்த பேழைக்கு அவ்வன்பர்கள் ஓர் எண்பூட்டு இட்டிருந்தனர். அவருள் கணிதம் பயின்றார் ஒருவர் அதனைச் சுட்டி, "எழுத்து ஐந்தினை 120 வகையாக வரிசை மாற்றலாம். எண்கள் உரிய வரிசையில் நின்றபோதன்றி இப்பூட்டுத் திறவாது. அதுபோல, ஐந்தெழுத்தும் உரிய வரிசை ஒன்றில் நின்றபோது வீட்டின் கதவு திறக்கும். அவ்வரிசையை மறைத்துக் காத்தலே குருமரபு" என்றார். பிறிதோர் அன்பர் அதனை மறுத்து, "எழுத்தைந்தும் இறைவன் திருப்பெயரே ஆகலின் எவ்வரிசையில் ஓதினும் பயன் ஒன்றே" என்றார்.

இவ்விரண்டும் தம்முள் மாறுபட்ட கொள்கைகளாயினும் ஒருபுடை ஒற்றுமை உடையன. முன்னது வரிசையினையே எல்லாமாகக் கொண்டது. பின்னது வரிசையினை ஒன்றுமின்றாக்கியது. இரண்டும் வரிசை என்பது எப்பொருட்டு என்பதனை வினவாது விட்டன. ஆகலின் வரிசைமாற்றம் என்னும் சொற்கு உரிய பொருள்களை முதற்கண் பகுத்துணர்ந்து, பின்னர் ஐந்தெழுத்தின்கண் அவற்றுள் எது பொருந்தும் என்று ஆராய்தல் முறையாம்.

கணிதமும் பூட்டும்

வரிசைமாற்றக் கணக்கு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1150-ஆம் ஆண்டில் பாற்கராசாரியர் இயற்றிய இலீலாவதியில் இதற்கெனவே ஒரு பகுதி உண்டு. ஆண்டுக் காணப்படும் வினா ஒன்று சைவர் உள்ளத்தைக் கவர்வது. பாசம், அங்குசம், பாம்பு, உடுக்கை, கபாலம், சூலம் முதலிய பத்தினையும் பத்துத் திருக்கரங்களிலும் மாற்றி மாற்றி ஏந்துவனாயின் சம்புவின் திருவுருவ வேறுபாடுகள் எத்துணை என்பதே அவ்வினா. ஒன்று முதல் பத்து ஈறாகிய எண்களை முறையே பெருக்க 36,28,800 என விடை வரும். சங்கு, சக்கரம், கதை, தாமரை என்னும் நான்கினை மாற்றி ஏந்தும் திருமாலின் உருவங்கள் 24 என்பதும் ஆண்டே கூறப்பட்டது.

இவ்விரு விடைகளும் கணக்களவில் ஒரு தன்மையன. பொருளளவில் அங்ஙனம் அல்ல. திருமாலுக்குரிய 24 வேறுபாடுகளுக்கும் கேசவன், நாராயணன் முதலாகப் பெயர் வகுத்து வைணவ நூல்கள் கொண்டன. சிவபெருமானுக்கு 36 இலக்கத்துக்கு மேற்பட்ட திருவுருவங்களை எவ்வாகமமும் வகுத்திலது. மாகேசுர மூர்த்தங்கள் 25 என்ப. அவையும் படைக்கலங்களைக் கைம்மாற்றியதனால் வந்தன அல்ல. உயிர்களின்பொருட்டு இறைவன் இயற்றும் அருட்செயல்களால் வந்தன. எனவே, கணக்குக் கூறுவது இயலக்கூடியதன் தொகை. நூல் கூறுவது உள்ளதன் இயல்பு. முன்னதனைக் கொண்டு பின்னதனைத் துணிதல் ஆகாது. 120 என்னும் எண் ஐந்தெழுத்தின்கண் இயலும் மாற்றங்களின் தொகையே ஆம். அத்தொகையினின்று மந்திரத்தின் இயல்பு பெறப்படாது.

இனிப் பூட்டினை நோக்குக. எண்பூட்டிலே வளையங்கள் பல ஓர் அச்சிற் கோக்கப்பட்டிருக்கும். வளையம் ஒவ்வொன்றின் உட்புறத்தும் ஒரு வெட்டுவாய் உண்டு. எல்லா வெட்டுவாய்களும் ஒரு நேராக நின்றபோது உள்ளே பற்களையுடைய தண்டு தடையின்றி வெளிவரும்; ஒரு வளையம் பிறழினும் வாராது. இத்தகைய பூட்டு மிகப் பழையது. 1206-இல் அல்-ஜஸரி என்பார் எழுதிய பொறிநூலிலே, எழுத்துக்கள் பொறித்த நான்கு வட்டங்களைத் திருப்பித் திறக்கும் பேழை ஒன்று கூறப்பட்டுள்ளது.

ஆங்கிலத்தில் இப்பூட்டினைச் சேர்மானப் பூட்டு என்னும் பொருள்படும் பெயரால் வழங்குப. கணித நூலார் சேர்மானம் என்பது வரிசையை நோக்காதது. ஒன்றும் இரண்டும் மூன்றும் எம்முறையில் நிற்பினும் சேர்மானம் ஒன்றே. பூட்டோ வரிசையை நோக்குவது. ஆகலின் வரிசைப்பூட்டு என்றலே ஏற்புடைத்து. அதுவும் நுணுகி நோக்குவார்க்கு முற்றும் அமையாது. வரிசைமாற்றத்தில் ஒன்று ஒருமுறையே வரும். பூட்டிலோ ஒரே எண் பல வளையங்களிலும் வரலாம். நான்கு வளையமும், வளையத்துக்குப் பத்து எண்ணும் உடைய பூட்டுக்கு 10,000 நிலைகள் உள. எண் மீண்டு வரலாகாது எனின் 5,040 நிலைகளே உள. இவ்வேறுபாடு பின்னர்ப் பயன்படும்.

பூட்டின் இலக்கணம் இரண்டு. ஒன்று, உரிய வரிசை எது என்பது பூட்டின் இயல்பால் அமையாது, பூட்டுவோன் விருப்பால் அமைவது. அவன் வேறொன்றை விரும்பின் அதுவே உரிய வரிசையாம். மற்றொன்று, பூட்டுத் தன்னைத் திறப்போன் தகுதியை நோக்காது. வரிசை அறிந்தவன் உரியவனாயினும் கள்வனாயினும் ஒருபடித்தாகத் திறந்து கொடுக்கும். இவ்விரண்டினையும் நினைவிற் கொள்க.

செய்யுளில் வரிசைமாற்றம்

தமிழ் நூலார் சொல்லின் வரிசைமாற்றத்தை மிகப் பழங்காலத்திலேயே ஆராய்ந்து வகுத்தனர். தொல்காப்பியனார் எச்சவியலில் நிரல்நிறை, சுண்ணம், அடிமறி, மொழிமாற்று என நான்கு கூறினார். நன்னூலார் பொருள்கோள் எட்டெனக் கொண்டார். அவற்றுள் ஈண்டைக்கு வேண்டுவன நான்கு.

முதலாவது ஆற்றுநீர். ஆற்று நீர் மேலிருந்து கீழ்நோக்கித் தொடர்ந்து ஒழுகுவது போலச் சொற்கிடந்த முறையே பொருள் செல்லுவது. குந்தா அன்பர்க்கு இது கண்கூடு. கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டு உதவியொடு 1950-களில் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தில், அவலாஞ்சி, எமரால்டு ஏரிகளின் நீர் குந்தாவிலுள்ள முதல் மின்நிலையத்தை அடைந்து, பின் கெத்தையினை அடைந்து, பின் பரளியினை அடைகின்றது. ஒரே நீர் மூன்றிடத்தும் தொழில் செய்கின்றது. ஆயினும் பரளியினை அடைந்து பின் குந்தாவினை அடைதல் அதற்கு இயலாது. இங்கு வரிசை மாற்றத்தக்கதன்று.

இரண்டாவது அடிமறிமாற்று. நான்கடியுள் எவ்வடியினை எங்கு மாற்றி வைப்பினும் ஓசையும் பொருளும் சிதையாதது. நான்கடியும் 24 வகையாக மாறும். 24-இலும் பொருள் ஒன்றே. இங்கு வரிசை மாறியும் மாறாதது போன்றதாம்.

மூன்றாவது மொழிமாற்று. இஃது அதற்கு மறுதலை. சொற்கள் தம் இடத்தினின்று மாறிக் கிடக்கும். பயனிலைக்கு ஏற்ற சொல்லை நாடி மீளப் பொருத்தினாலன்றிப் பொருள் தோன்றாது. சுண்ணமும் இவ்வினத்ததே. ஈரடி எண்சீரும் துணிந்து சிதறியதனை ஒட்டுவழி அறிந்து கூட்டுவது அது. எண்சீரை மாற்றும் வகை 40,320; பொருள் தரும் கூட்டம் ஒன்றே. எனவே, பூட்டு என்னும் உவமை முற்றும் பொருந்தும் இடம் ஒன்று உண்டெனின் அது மொழிமாற்றே. ஆளுடைய பிள்ளையார் சீகாழிப் பதியின்மேல் மொழிமாற்றாகவே ஒரு திருப்பதிகம் அருளினார். அப்பதியின் பன்னிரு பெயர்களும் வரிசை மாறிவரச் சக்கரமாற்றும், இறுதியிலிருந்து எழுத்தெழுத்தாக மீள வாசிப்பினும் அதுவேயாகும் மாலைமாற்றும் அருளினார். வரிசைமாற்றம் விளையாட்டளவில் நின்றுவிடுவதொன்றன்று, அருளாளர் வாக்கினும் இடம்பெற்றது என்பதற்கு இவை சான்றாம்.

நான்காவது பூட்டுவில். செய்யுளின் இறுதிச்சொல் முதற்சொல்லொடு சென்று பொருந்துவது. வில்லின் இருமுனையும் நாணாற் பூட்டப்பெறுதல் போலச் செய்யுளின் இருமுனையும் பொருளாற் பூட்டப்படும். பூட்டு என்னும் சொல் அடைத்தற் கருவிக்கு மட்டும் உரியதன்று; இணைத்தல் என்னும் பொருளும் உடைத்து. ஏரிற் பூட்டுதல், தேரிற் பூட்டுதல், வில்லிற் பூட்டுதல் என்னும் வழக்குக்களைக் காண்க. ஐந்தெழுத்தினைப் பூட்டொடு உவமித்த அன்பர் அடைக்கும் பூட்டினைக் கண்டார். இணைக்கும் பூட்டினைக் கண்டிலர்.

ஐந்தெழுத்தின் வளையம்

இனி ஐந்தெழுத்தினுக்கு வருக. இதன்கண் சொல்லளவில் ஒரு நோக்கும், எழுத்தளவில் ஒரு நோக்கும் உள. சொல்லளவில் நோக்கின், 'நம' என்பதும் 'சிவாய' என்பதும் இரண்டு சொற்கள். சிவாய என்பது வடமொழியில் நான்காம் வேற்றுமை. நமசிவாய எனினும் சிவாயநம எனினும் சிவனுக்கு வணக்கம் என்பதே பொருள். இவ்வளவில் இஃது அடிமறிமாற்றினை ஒப்பது. எவ்வரிசையில் ஓதினும் ஒன்றே என்ற அன்பர் உரை இவ்வளவில் மெய். இவ்விரு வரிசைக்கு மட்டுமே மெய். திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் நமச்சிவாயப் பதிகங்கள் அருளியதும், மணிவாசகர் சிவபுராணத்தை அத்தொடராலேயே தொடங்கியதும் நினைக்கத்தகும். நமசிவாய என்பதனைத் தூலம் என நூல்கள் கூறுதல் கொண்டு அதனை இழித்துரைப்பார் உளராயின், அவர் அருளாளர் வாக்கினையே இழித்தவராவர். தூலம் என்றது நிலை குறித்த பெயர். குறை குறித்த பெயரன்று.

எழுத்தளவில் நோக்கின் நிலை வேறு. சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் திரோதத்தையும், மகரம் மலத்தையும் குறிக்கும் என்பது சித்தாந்த நூல்களின் துணிபு. வகரம் ஓதுங்கால் நெடிலாயினும் குறிக்கும் பொருள் ஒன்றே. இங்கு ஒவ்வோரெழுத்தும் ஒவ்வொரு பொருளாகலின் எழுத்தின் வரிசை பொருளின் நிலையாகின்றது. உயிரின் பக்கத்தில் எது நிற்கின்றது, சிவத்தின் பக்கத்தில் எது நிற்கின்றது என்பது வரிசையால் விளங்கும். ஆகலின் எவ்வரிசையும் ஒன்றே எனல் இவ்வளவில் பொருந்தாமை காண்க.

அற்றேல், 120-இல் எவை கொள்ளப்பட்டன எனின், திருமூலர் திருவாக்கே விடை தரும். திருமந்திரம் நான்காம் தந்திரத்துத் திருவம்பலச் சக்கரப் பகுதியில் ஐந்தெழுத்தின் மாற்றங்களாக அவர் ஓதுவன ஐந்து. சிவாயநம, மசிவாயந, நமசிவாய, யநமசிவா, வாயநமசி என்பன அவை. இவ்வைந்தினையும் ஒருங்கு வைத்து நோக்குக. முதலாவதன் இறுதி எழுத்தை முன்னே கொணர இரண்டாவது வரும். அதன் இறுதியை முன்னே கொணர மூன்றாவது வரும். இங்ஙனமே ஐந்தாவது ஈறாக. ஐந்தாவதன் இறுதியாகிய சிகரத்தை முன்னே கொணர மீண்டும் சிவாயநம என்றே முடியும். ஐந்து வரியினையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதின், குறுக்கே நோக்கினும் நெடுக்கே நோக்கினும் ஒவ்வோரெழுத்தும் ஒவ்வொருமுறையே நிற்கும்.

இவை ஐந்தும் ஐந்து வேறு வரிசைகள் போலத் தோன்றினும் உண்மையில் ஒரு வளையமே. எழுத்தைந்தினையும் வட்டமாக எழுதிவைத்து, எவ்விடத்தில் தொடங்குகின்றோம் என்பதே வேறுபாடு. ஐந்தெழுத்தினை வட்டமாக வைக்கும் வகைகள் 24. ஒவ்வொரு வட்டத்தினையும் ஐந்திடத்தில் தொடங்கலாம். ஆகவே 120 ஆயிற்று. அவ்விருபத்து நான்கு வட்டங்களுள் திருமூலர் கொண்டது ஒன்றே. ஏனை இருபத்து மூன்றினையும் அவர் ஈண்டுத் தொட்டிலர். சக்கரம் என்னும் பெயர்க்கு இஃது எத்துணைப் பொருத்தம் என்பது வெளிப்படை. கணிதம் 120-ஐயும் ஒருநிகராக எண்ணியது. மந்திரநூல் ஒரு வட்டத்தினை மட்டும் உரியதாகக் கொண்டது. அதன்கண்ணும் சொற்பொருள் சிதையாது நிற்பன நமசிவாய, சிவாயநம என்னும் இரண்டே. ஏனை மூன்றும் சக்கரத்து அறைகளில் நின்று பயன்படுவன.

இனி இவ்வட்டத்தில் யகரத்தின் இருபாலும் நோக்குக. ஒருபால் வகரம், மறுபால் நகரம். உயிரின் ஒருபுறம் அருளும் மறுபுறம் திரோதமும் நிற்கின்றன. நமசிவாய என ஓதுங்கால் யகரம் இறுதியில் நிற்றலின் அதன் மறுபுறத்தில் ஒன்றுமில்லை போலத் தோன்றும். பூட்டுவில் முறையில் இருமுனையினையும் பொருத்த, நகரம் அங்கேயே காத்திருத்தல் விளங்கும். எவ்வைந்தினுள் எதனை ஓதினும் உயிரின் அயலார் இருவரும் மாறிலர். தொடங்கும் இடத்தை மாற்றுதல் அயலை மாற்றுதல் ஆகாது.

அற்றேல், தொடக்கத்தை மாற்றியதனால் பயனென்னை எனின், கூறுதும். வட்டத்தில் ஐந்து மூட்டுக்கள் உள. சிவமும் அருளும் பிரிவின்றி நிற்பது ஒரு மூட்டு. அருள் உயிரைத் தாங்குவது ஒரு மூட்டு. உயிரைத் திரோதம் பற்றி நடத்துவது ஒரு மூட்டு. திரோதம் மலத்தைச் செலுத்துவது ஒரு மூட்டு. ஐந்தாவது மகரத்துக்கும் சிகரத்துக்கும் இடையிலுள்ள மூட்டு. முன்னைய நான்கும் மெய்யான தொடர்புகள். ஐந்தாவது அங்ஙனம் அன்று. மலம் சிவத்தைப் பற்றாது. சிவாயநம என்னும் வரிசை வட்டத்தை அறுப்பது இவ்வைந்தாம் மூட்டில். உள்ள தொடர்பு நான்கினையும் காத்து, இல்லாத தொடர்பு ஒன்றினை அறுக்கின்றது. நமசிவாய என்னும் வரிசை அறுப்பது உயிர்க்கும் திரோதத்துக்கும் இடையில். அதன்கண் மகரம் சிகரத்தின் முன்னே நிற்றல், கட்டுற்ற உயிர்க்கு மலமே சிவத்தின்முன் திரையாய் நிற்றலைக் காட்டுமென்று கொள்ளலாம். முன்னது சூக்குமம் எனவும், பின்னது தூலம் எனவும் பெயர் பெற்றமைக்கு இதனால் ஒரு காரணம் புலப்படும். இவ்வரிசை ஒருவர் விருப்பால் அமைந்ததன்று, பொருளியல்பால் அமைந்தது. ஆகவே பூட்டின் முதல் இலக்கணம் ஈண்டு ஒவ்வாது.

திருக்கூத்தின்கண் இருவரிசை

13-ஆம் நூற்றாண்டில் திருவதிகை மனவாசகங் கடந்தார் அருளிய உண்மை விளக்கம் இதற்குத் தக்க சான்று தருகின்றது. கூத்தப்பெருமான் திருமேனியில் ஐந்தெழுத்து அமைந்தமையினை அந்நூல் அடுத்தடுத்து இருமுறை கூறும். முதன்முறை, நகரம் திருவடி, மகரம் உதரம், சிகரம் தோள், வகரம் திருமுகம், யகரம் முடி என அடி முதல் முடி வரை ஏறிச்செல்லும். இது நமசிவாய என்னும் வரிசை. இரண்டாம் முறை, சிகரம் உடுக்கை ஏந்திய கரம், வகரம் வீசிய கரம், யகரம் அபயகரம், நகரம் அங்கி, மகரம் திருவடியின்கீழ்க் கிடக்கும் முயலகன் என வரும். இது சிவாயநம என்னும் வரிசை.

ஒரே திருமேனியினை ஒரே நூல் இருவகையாகக் கூறியது முரணன்றோ எனின், அன்று. முதன்முறையில் ஐந்தெழுத்தும் திருமேனியின் உறுப்பாகவே நின்றன, மகரமும் உதரமாயிற்று. இரண்டாம் முறையில் மகரம் திருமேனியின் உறுப்பாக நின்றிலது. திருவடியின்கீழ் மிதியுண்டு கிடக்கின்றது. உயிராகிய யகரமோ அஞ்சற்க என்று அமைத்த கரமாயிற்று. வரிசை மாறியபோது எழுத்தின் இடம் மட்டும் மாறவில்லை. மலம் வெளிப்பட்டு அடங்கிற்று. வரிசைமாற்றம் என்பது ஈண்டு உயிரின் நிலைமாற்றத்தைக் காட்டும் குறி. குறியினைப் புரட்டினால் நிலை தானே புரளும் என்பது பூட்டுக்கு ஒக்கும், உயிர்க்கு ஒவ்வாது.

வரிசைமாற்றத்தின் எல்லை

இவ்வளவில் நின்றுவிடின் வாதம் முற்றுப்பெறாது. உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனின் ஒன்பதாம் அதிகாரமாகிய ஐந்தெழுத்தருள் நிலையில், திரோதமும் மலமும் முதலாக ஓதுவார்க்குப் பழங்குற்றம் நீங்குமோ என வினவி, சிவம் முதலாக ஓதும் முறையினை வகுத்தார். அதனொடு அமையாது, உயிர் நகரத்துக்கும் வகரத்துக்கும் நடுவே நில்லாமல், அருளினாலே வகரத்துக்கும் சிகரத்துக்கும் நடுவே நிற்றலே வழக்கு என்றும் அறிவுறுத்தினார்.

இங்கேதான் செய்தியின் உயிர் உள்ளது. மேற்காட்டிய வட்டத்தில் யகரம் எப்போதும் வகரத்துக்கும் நகரத்துக்கும் நடுவிலேயே நிற்பதாயிற்று. அந்நிலையில் நில்லற்க என்பது ஆசிரியர் ஆணை. வட்டத்தை எத்துணை முறை சுழற்றினும் அவ்வாணை நிறைவேறாது. நிறைவேறும் வடிவம் சிவாயசிவ என்பது. அதிசூக்குமம் எனப்படும் அவ்வடிவில் யகரத்தின் ஒருபால் வகரம், மறுபால் சிகரம். இவ்வடிவினை எழுதிப் பார்க்க: நகரம் இல்லை, மகரம் இல்லை, சிகரமும் வகரமும் இருமுறை வந்தன. ஐந்தெழுத்தின் 120 வரிசைகளையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுதினும் அவற்றுள் இது காணப்படாது. வரிசைமாற்றம் உள்ளதனையே இடம் மாற்றுவது; ஒன்றனைப் போக்குதலும் ஒன்றனைப் புதிது கூட்டுதலும் அதற்கு இல்லை. மலமும் திரோதமும் எங்கு மாறி நிற்பினும் உள்ளே நிற்பனவே. ஆகவே வீட்டுநெறிக்கு உரிய வடிவம் மாற்றத்தால் வருவதன்று. நீக்கத்தாலும் நிறைவாலும் வருவது.

"அற்றேல், பூட்டில் ஒரே எண் மீண்டு வரலாம் என முன்னர்க் கூறப்பட்டது. ஐந்து வளையமும் வளையத்துக்கு ஐந்தெழுத்தும் உடைய பூட்டில் 3,125 நிலைகள் உள. சிவாயசிவ என்பதும் அவற்றுள் ஒன்றன்றோ?" எனின், ஆம், எண்ணளவில் ஒன்றே. ஆயின் அவ்வளையங்களைத் திருகுவோன் யாவன் என வினவுக. பூட்டினைத் திருகும் கை பூட்டின் வெளியே உள்ளது. ஐந்தெழுத்தின்கண்ணோ, ஓதுகின்ற உயிர் யகரமாக உள்ளேயே நிற்கின்றது. உள்ளே கோக்கப்பட்ட வளையம் ஒன்று ஏனை வளையங்களைத் தானே திருகித் தன்னைத் திறந்துகொள்ளல் யாண்டும் இல்லை. நகரமும் மகரமும் நீங்குதல் யகரத்தின் முயற்சியளவில் முடிவதன்று. வகரமாகிய அருளால் முடிவது. உமாபதி சிவம் அருளினால் என்று விதந்து கூறியது இதுபற்றியே என்க. உவமை கூறிய அன்பர் தம்மைப் பூட்டின் வெளியே நிறுத்திக்கொண்டார். அதுவே அவ்வுவமையின் வழு.

பூட்டின் இரண்டாம் இலக்கணமும் இதனால் விலகும். வரிசை அறிந்த கள்வனுக்கும் பூட்டுத் திறக்கும். சிவாயநம என்னும் வரிசையோ அச்சேறிய நூல்களில் எல்லாம் உள்ளது. ஓதத் தெரியாதார் அரியர். அறிந்ததனாலேயே கதவு திறக்குமாயின் வீடுபெறாதாரும் அரியராதல் வேண்டும். அங்ஙனம் இன்மையின், குருமரபு காத்துவருவது ஓர் இரகசிய எண்ணினை அன்று. ஆசிரியன் மாணாக்கனது பக்குவம் நோக்கித் தீக்கையொடு அம்மந்திரத்தை வழங்குகின்றான்; வரிசை எல்லாரும் அறிந்ததேயாயினும் வழங்குவது அவனருளே. ஆகலின் வரிசையினை மறைத்தலே குருமரபு என்ற கூற்றும் நில்லாது.

திருமறைக்காட்டுக் கதவம்

கதவு, தாள், திறத்தல் என்னும் சொற்களைச் சைவர் கேட்குமிடத்துத் திருமறைக்காடு நினைவுக்கு வாராமற் போகாது. மறைகள் வழிபட்டு அடைத்த திருக்கதவம் நெடுங்காலம் திறவாது கிடந்தது. அடியார் பிறிதொரு வாயிலால் உட்சென்று வழிபட்டு வந்தனர். ஆளுடைய அரசர் திருப்பதிகம் பாடக் கதவம் திறந்தது. அதுவும் தாழ்த்தே திறந்தது. ஆளுடைய பிள்ளையார் பாட விரைந்து அடைத்தது. இவ்வரலாற்றினைச் சேக்கிழார் பெருமான் விரித்தருளினார்.

இதன்கண் உற்று நோக்கத்தக்கது திறந்ததற்குப் பின்னர் நிகழ்ந்தது. கதவம் திறந்தமையால் அரசர் தருக்கினாரில்லை. தாம் பாடத் தாழ்த்துத் திறந்தமையும், பிள்ளையார் பாட விரைந்து அடைத்தமையும் எண்ணி, இறைவன் திருவுளம் அறியாது செய்தேனோ என மனங்கவன்று திருமடத்தில் ஒருபுறம் இருந்தார். அந்நிலையிலேயே பெருமான் எழுந்தருளி வாய்மூர்க்கு வருமாறு பணித்தான். எண்பூட்டினைத் திறந்தவனுக்குத் திறந்ததே முடிவு. அவன் மனங்கவல்வதற்கு இடமில்லை. அரசரோ கதவினை நோக்கிற்றிலர், கதவின் உள்ளிருப்பான் திருவுளத்தை நோக்கினார். அக்கவற்சிக்கே அருள் வெளிப்பட்டது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. வரிசைமாற்றம் என்பது பலபொருள் ஒருசொல் போல்வது. அடிமறியில் அது பொருளை மாற்றாது. மொழிமாற்றில் அது பொருளை மறைக்கும். பூட்டில் அது தடையாகும். ஆற்றுநீரில் அதற்கு இடமே இல்லை. ஐந்தெழுத்தின்கண் அது உயிரின் நிலையினைக் காட்டும் குறியாய் நிற்கும். எவ்வரிசையும் ஒன்றே என்றவர் சொல்லளவில் நின்று எழுத்தளவினை மறந்தார். ஒரு வரிசையே திறவுகோல் என்றவர் எழுத்தளவில் நின்று அருளினை மறந்தார்.

ஆயினும் அவ்விருவர் உரையாலும் நன்மை விளைந்தது. முன்னவரை நோக்கி, ஓதுவது எதுவாயினும் அதன் பொருளுணர்ந்து ஓதுக என்னலாம். பின்னவரை நோக்கி, எண்ணுதலை விடுத்து ஓதுக என்னலாம். குந்தாவின் உயர்ந்த ஏரியினின்று இழியும் நீர் தான் செல்லும் வரிசையினைத் தானே தேர்ந்ததில்லை. மேலிருந்து விடப்படுதலின் முறையே செல்கின்றது. யகரமாகிய உயிரும் அருள்வழி ஒழுகுமாயின், நகர மகரங்கள் நீங்குதலும், வகர சிகரங்களின் நடுவே தான் நிற்றலும் தாமே நிகழும். அந்நிலையில் மாற்றுதற்கு எழுத்தும் இல்லை. திறத்தற்குக் கதவும் இல்லை.

திருச்சிற்றம்பலம்.